லேசான கேள்வி

உங்களுக்கு ஒரு விடுகதை.

வயிறு நிறையக் காற்று. உதைத்தாலும் அழாது. ஊரே அதன் பின்னால் ஓடும். அது என்ன?

சொல்லிவிட்டீர்களா? அப்படியென்றால் நீங்கள் தமிழில் சித்தி, அதாவது பாஸ். டென்மார்க்கின் வைலே நகரில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில், அதிபர் பாலேந்திரா, சாரங்கா என்ற மாணவிக்காக ஆயத்தம் செய்த மறுசோதனையில் இருந்தது இந்த ஒரே கேள்விதான்.

சாரங்காவுக்கு வயது பதின்மூன்று. பந்து காலில் பட்டால் கோல். தமிழ்ப் புத்தகம் கையில் பட்டால் கொட்டாவி. ஆண்டிறுதிச் சோதனையில் அவள் சித்தியடையவில்லை.

தமிழ்ப் பள்ளிகளின் உதைபந்தாட்டக் கோப்பைக்கு ஒரு விதி உண்டு. தமிழில் சித்தியடைந்த பிள்ளைகள்தான் விளையாடலாம். அந்த விதியைக் கொண்டுவந்தவரே பாலேந்திராதான். போன வருடம் ஒடென்சே அணியின் ஜெசிக்காவை மைதானத்தின் நடுவிலேயே நிறுத்தி, நாலு வரி வாசிக்கச் சொன்னார். அவள் திணறினாள்.

"வாசிக்கத் தெரியாத காலுக்கு இஞ்ச என்ன வேலை?" என்று வெளியே அனுப்பினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெசிக்கா அழுதாள். அப்படியும் கோப்பை ஒடென்சேக்குத்தான் போனது.

இந்த வருடம் பயிற்சியாளர் சுஜிந்தன், போட்டிக்கு முதல் நாள் காலையிலேயே அதிபரின் அறைக்கு வந்துவிட்டார்.

"அண்ணை, சாரங்கா இல்லாட்டி நாளைக்கு எங்கட கதை முடிஞ்சுது."

"விதி விதிதான், சுஜிந்தன்."

"அப்ப அவளின்ர இடத்தில கயல்தான் ஓடவேணும்."

பாலேந்திரா பேனாவைக் கீழே வைத்தார்.

கயல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை. தமிழில் வகுப்பிலேயே முதல். ஆனால் அவள் உதைத்தால் பந்து நிற்கும், காலில் போட்ட சப்பாத்துப் பறக்கும்.

"ஒரு மறுசோதனை வைக்கலாம்தானே?" என்றார் அதிபர்.

"வைக்கலாம் அண்ணை. கொஞ்சம் லேசாய்..."

"தரம் குறையக்கூடாது. கேள்வி வேணுமெண்டால் குறையலாம்."

கேள்வி எவ்வளவு லேசு என்று பார்க்கவேண்டாமா? அதிபர் கதவைத் திறந்தார். வெளியே கயல் நின்றாள். காலில் புதுப் பச்சைச் சப்பாத்து. சாரங்கா சித்தியடையாததால், வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அணியில் அவள் பெயர் வந்திருக்கிறது. காலையிலிருந்து சப்பாத்தைக் கழற்றவே இல்லை.

"பிள்ளை, இதுக்கு விடை சொல்லு பாப்பம்" என்று விடுகதையைப் போட்டார்.

"பந்து, சார்."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"எங்க வீட்டுக் குட்டித் தம்பிக்கே தெரியும், சார்."

"நல்லது. சாரங்கா இதிலை சித்தியடைஞ்சால் நாளைக்கு நீ ஓடத் தேவையில்லை. வடிவாய் இருந்து பார்க்கலாம்."

அதை ஒரு நல்ல செய்தி போலவே சொன்னார்.

கயல் நேரே போய் மாடிப்படியில் சாரங்காவைப் பிடித்தாள்.

"விடை பந்து. உடனே சொல்லிடாத. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடி."

சாரங்காவுக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கோப்பைக்காக அவள் தன் நகரக் கழகத்தின் ஆட்டத்தையே விட்டிருந்தாள். ஏதோ ஞாபகம் வந்ததுபோல், "அப்போ நீ?" என்று வழக்கம்போல டேனிஷில் கேட்டாள்.

"நான் தண்ணி பாட்டில் பாத்துக்கறேன். ஷூவும் அழுக்காகாது" என்று கயல் சிரித்தாள். பிறகு அதிபர் அறைக்கு எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். காலையில் இறுக்கிப் போட்ட முடிச்சு. சுலபத்தில் அவிழவில்லை.

சோதனை ஆரம்பித்தது. சுஜிந்தன் சாட்சி. அதிபர் நிறுத்தி நிதானமாக விடுகதையைச் சொன்னார்.

சாரங்கா யோசித்தாள்.

"அவசரமில்லைப் பிள்ளை. வட்டமாய் இருக்கும்."

இன்னும் யோசித்தாள்.

"நாளைக்கு நீ எதை அடிக்கப் போறாய்?" என்றார் சுஜிந்தன் பொறுக்கமுடியாமல்.

"சுஜிந்தன்! இது சோதனை!" என்று அதட்டிய அதிபர், மேசைக்கடியில் இருந்த பந்தை மெல்லக் காலால் தள்ளிவிட்டார்.

அது உருண்டு வந்தது. சாரங்கா அதைக் காலால் நிறுத்தினாள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். வாங்கில் கயல் ஒற்றைச் சப்பாத்தோடு இருந்தாள். மற்றது அவள் மடியில் இருந்தது.

"எனக்கு விடை தெரியாது, சேர்" என்று சாரங்கா தமிழில் சொன்னாள்.