ஒரே தப்பு

“பாத்து எழுதுனது யாருலே?”

சிவசைலம் சார் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் லேப் கப்சிப். செய்முறைத் தேர்வைப் பார்வையிட முதல்வர் செல்வமணி மேடம் வேறு வந்து நின்றிருந்தார். சாருக்குச் சொல்லவா வேண்டும்? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தாயிற்று.

ஜெபசீலனுக்கும் இசக்கிமுருகனுக்கும் சீட்டுக் குலுக்கலில் ஒரே கேள்வி விழுந்திருந்தது. ஐந்து மார்க்குகளைக் கூட்டிச் சொல்லும், ‘சி’ மொழியில் ஒரு சின்ன புரோகிராம். இரண்டு பேர் திரையிலும் கூட்டுத்தொகை கோடியைத் தாண்டி நின்றது.

“சரியா எழுதினா ரெண்டு பேரோடதும் ஒண்ணுபோல இருக்கலாம் மேடம். தப்பு கூடவா ஒண்ணுபோல இருக்கும்? இப்பப் பாருங்க.”

கறுப்புத் திரையில், தப்பைத் தேடிப் பிடிக்கும் டீபக்கரைத் திறந்தார். கட்டளைகளைத் தட்டித் தட்டி, புரோகிராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிக்கை எதில் நிற்கிறது என்று திரையில் காட்டினார். சைபர், ஒன்று, இரண்டு… நான்கோடு முடிய வேண்டியது ஐந்துக்கும் போனது.

“அஞ்சு மார்க்குக்கு அஞ்சு அறைதான்லே. சைபர்ல ஆரம்பிச்சா நாலோட சரி. நீங்க ஆறாவதா ஒரு அறைக்குள்ள போயி, அங்கன கெடந்த குப்பையையும் அள்ளிக் கூட்டியிருக்கிய! இது என்ன வண்ணார்பேட்டை காய்கறிக் கடையா, கொசுறு போட?”

லேபே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். சாருக்கு உச்சி குளிர்ந்தது.

“பாத்து எழுதுனவனுக்கு இன்டர்னல்ல முட்டை. யாருன்னு சொல்லலன்னா ரெண்டு பேருக்கும் முட்டை.”

ஜெபசீலன் வாயைத் திறந்தான். இசக்கிமுருகன் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

“நாந்தான் சார் பாத்து எழுதுனேன்.”

“நெனச்சேன். வெளிய போலே!”

தேர்வு முடிந்தது. மேடம் சொன்ன பாராட்டை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே சார் படியிறங்கினார். கீழே தண்ணீர்க் குழாயடியில் அந்த இரண்டு பேரின் குரலும் கேட்டது. அப்படியே நின்றார்.

“கிறுக்காலே ஒனக்கு? நீ எங்க பாத்து எழுதுன? சார் போன வாரம் போர்டுல எழுதிப் போட்ட புரோகிராமத்தான ரெண்டு பேரும் அப்படியே மனப்பாடம் பண்ணோம்? அத மேடத்துட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“சொல்லலாம்லே. அத்தன பேரு முன்னால சார் மொகத்த எங்க கொண்டுபோயி வைப்பாரு, பாவம்?”