மறுபடி சார்

இன்டர்வியூ அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரைப் பார்த்ததும் அவள் ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி சார்.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் எடுத்தவர். யார் என்ன செய்து காட்டினாலும் "மறுபடி செய்" என்பார். அதனால் வந்த பெயர். போன வருடம் திடீரென்று காணாமல் போனார். எங்கேயோ பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பெரிய வேலை இங்கேதானா? இன்டர்வியூ எடுப்பதே இவர்தானா?

போச்சு என்று நினைத்தாள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

வருடக் கடைசியில் மாணவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். எந்த ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம். பெயர் போட வேண்டாம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு வருகிற வீரம் இருக்கிறதே, அது தனி வீரம். பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து எழுதியதற்காக ஒரே சோதனையை நாலு தடவை செய்யவைத்துவிட்டார் என்று அவளுக்குக் கோபம். 'இவர் சொல்லித் தருவது ஒன்றுமே புரியவில்லை' என்று எழுதினாள். அதோடு விட்டாளா? கடைசி நாலு பெஞ்சையும் அதையே எழுதவைத்தாள். மொத்தம் பதினெட்டுத் தாள்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. பெரிய வேலை என்று சொன்னதும் இவளும் நிம்மதியாக நம்பிக்கொண்டாள்.

இப்போது அவள் வந்திருப்பது குடிநீரைப் பரிசோதிக்கிற லேப். இருப்பது ஒரே ஒரு இடம். அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை. அதற்கப்புறம் என்ன செய்யப்போகிறாள் என்று அம்மா கேட்கிறாள், போனில் அத்தை கேட்கிறாள், மாடி வீட்டுக்காரர்கூடக் கேட்கிறார். அவளுக்கே தெரிந்தால்தானே சொல்ல? இருபத்திரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டதில் இங்கிருந்து மட்டும்தான் பதில் வந்தது. அதற்கும் பஸ் கிடைக்காமல் ஓடி வந்து, கடைசி ஆளாக உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே டீ போயிருக்கிறது, பத்து நிமிஷம் ஆகும் என்றார் அட்டெண்டர்.

மாடிப்படிப் பக்கம் நடந்த மறுபடி சார் அவளைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரீட்சை எப்போது, அம்மா அப்பா சுகமா என்று விசாரித்தார். அவருக்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"நீங்க போனப்புறம் லேப்புக்குப் போகவே பிடிக்கலை சார். உங்களை மாதிரி புரியவைக்க யார் இருக்கா? நான்கூட அந்தத் தாள்ல உங்களுக்கு முழு மார்க் போட்டேன்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தராவது போட்டிருக்கீங்களே. சந்தோஷம்மா."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

அவர் கேட்டார்: "ஒரே தண்ணியை மூணு தடவை அளந்து, மூணு விதமா ரீடிங் வந்தா என்ன செய்வே?"

"சராசரி எடுப்பேன் சார்."

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவளுடைய ஃபைலின் முதுகில் விரலாலேயே, சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட் குழாயை வரைந்தார். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, தப்பைச் சராசரி எடுத்தாலும் தப்புதான் என்றார். நுனியில் காற்றுக் குமிழி நின்றிருக்கலாம், கண்ணைச் சரிமட்டத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். முதலில் அதைக் கண்டுபிடி, பிறகு இரண்டு ரீடிங் ஒத்துப்போகிற வரைக்கும் மறுபடி செய் என்றார்.

பளிச்சென்று புரிந்தது. இதையேதான் வகுப்பிலும் சொல்லியிருந்தார். அப்போது அவள் மேஜைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிற தண்ணிம்மா. ஊர் முழுக்கக் குடிக்கும். தைரியமாப் போய்ச் சொல்லு" என்று எழுந்து படியிறங்கிப் போனார்.

வைத்த ஐஸ் வேலை செய்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. தெரிந்த பெண் என்பதால் நாசூக்காக ஒதுங்கிக்கொள்கிறார் போல என்று நினைத்தாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியே அதுதான். நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். நடுவில் இருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலையிலேர்ந்து பதினோரு பேர். மத்தவங்க எல்லாரும் சராசரி, சராசரின்னுதான் சொன்னாங்க. சரியாச் சொன்னது ரெண்டே பேர். ஒண்ணு நீ. இன்னொண்ணு உனக்கு முன்னாடி வந்தவர்."

"முன்னாடி யாரு மேடம்?"

"இப்பத்தான் வெளியே போனாரே, கண்ணாடிக்காரர். அவரும் இந்த வேலைக்குத்தான் வந்தார். பத்து வருஷம் காலேஜ்ல லேப் எடுத்தவராம். பதினெட்டுப் பிள்ளைங்க ஒண்ணுமே புரியலைன்னு எழுதிட்டாங்கன்னு நிறுத்திட்டாங்களாம். ஒரு வருஷமா வேலை இல்லை. மறைக்காம அவரே சொன்னார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேஜை மேல் அவர் விண்ணப்பமும் அவள் விண்ணப்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அனுபவம் அவருக்கு இருக்கு. ஆனா சொல்லித்தரத் தெரியாதவரை எடுத்தா, இங்க புதுசா வர்றவங்களுக்கு யார் கத்துக்கொடுக்கறதுன்னுதான் யோசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ சொல்லும்மா. இவ்வளவு தெளிவாப் புரியற மாதிரி உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"