தட்டு மாற்றப் பத்து நிமிடம்

பல் தந்தியடிக்கத் தொடங்கியது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சித்திரை வெயில். கூடத்தில் இருபது பேர். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு மட்டும் குளிர்.

நல்ல நேரம் பத்தரைக்கு. தட்டு மாற்ற இன்னும் பத்து நிமிடம்.

பத்து நிமிடம்தானே. பொறுத்துக்கொள்.

காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். இடது காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்குள், பெரிய பொத்தான் அளவில் ஒரு போர்ட். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காக வைத்தது. மருந்தெல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. டாக்டர் அதை இன்னும் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கிறவரை மாதம் ஒரு தடவை ஊசி குத்திக் கழுவ வேண்டும். மகளின் நிச்சயதார்த்த அலைச்சலில் இந்த மாதம் எட்டு நாள் தள்ளிப்போய் இன்று காலையில்தான் கழுவினார்கள்.

சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வாள். கழுவின பிறகு குளிர் நடுக்கம் வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து.

இதை இங்கே யாரிடம் போய்ச் சொல்ல?

மாப்பிள்ளை வீட்டுக்கு எதுவும் தெரியாது. தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள். அதனால் யாரும் மூச்சுவிடவில்லை. கழுத்தை ஒட்டித் தைத்த ரவிக்கை. குட்டை முடியில் சவுரி. அதை மூட நாலு முழம் மல்லிகை. எல்லாம் பக்கா.

உடம்புதான் காட்டிக்கொடுக்கிறது, சனியன்.

கணவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் பொறு என்று கண்ணாலேயே கெஞ்சினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கெஞ்சாவிட்டாலும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், தேங்காய். நேரம் வந்ததும் அவள்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

தேங்காய் கடகடவென்று ஆடியது.

அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். நகமெல்லாம் நீலமாகியிருந்தது.

எதிரே மகள் இந்துஜா. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம்டி. அவள் தலையை அசைத்தாள். உன் கல்யாணம்டி. வேண்டாம்.

இந்துஜா எழுந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு நெஞ்சுல போர்ட் இருக்கு. கேன்சருக்கு வச்சது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

போச்சு. எல்லாம் போச்சு.

மகள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கை எழும்பவில்லை. விசிறுகிற சத்தம் நின்றது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டை அவள் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். காரை எடு என்று மகனிடம் சொன்னார். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்சீட்டுல உக்காராதீங்க. பெல்ட் சரியா அது மேலதான் அழுத்தும். வலியில உயிரே போயிடும்."

அவள் அந்த அம்மாளின் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.