நடுரோட்டில் மூத்தவள்

"ராயப்பா, கல்லு லோடு இன்னுமா ஓசூர் வரலை?" போனில் லாரி முதலாளி கத்தினார்.

"தேன்கனிக்கோட்டை ரோட்டுல நிக்கறேன் முதலாளி. பெரிய கூட்டம் கடக்குது."

"ஐயோ! எத்தனை?"

"முப்பது இருக்கும். மூத்தவ நடுரோட்டுல குறுக்க நின்னுக்கிட்டா. வயித்துல சுமக்கறவ ஒருத்தி இருக்கா, அவ நடைக்குத்தான் மொத்தக் கூட்டமும் நடக்குது."

"ஹாரன் அடிச்சுத் தொலைக்காதே!"

"மனசு வருமா முதலாளி? போன மாசம் இதே இடத்துல தனியாப் போனவளை ஒரு லாரி அடிச்சு, கால் முறிஞ்சு கிடக்கறா."

"இஞ்சினை ஆஃப் பண்ணு. நான் பாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்றேன்."

"பாரஸ்ட் எதுக்கு?" என்று ராயப்பன் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

நடுரோட்டில் நின்ற மாதேஸ்வரி உயர்த்திய கையை இறக்கினாள். அவள் கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. கம்பெனி கேட்டில், யூனிபார்ம் போட்ட இருபத்தொன்பது பெண்கள் உள்ளே போகாமல் அவளுக்காக நின்றார்கள்.

"இப்படிக் கடக்க யாரும்மா கத்துக்குடுத்தது?" ராயப்பன் ஜன்னல் வழியே கேட்டான்.

"யானைங்கதாண்ணா. வருசா வருசம் எங்க ராகியைத் தின்னுட்டுப் போகுதுங்களே, இதையாவது கத்துக்குடுக்க வேணாமா?"