அடுக்களைக்கு ஒரு நேரடி வர்ணனை

பனிச்சறுக்கு நடனப் போட்டியில் மகளின் பெயரை அறிவித்ததும், மனைவி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னால பாக்க முடியாதுங்க. டிவிக்காரர் வர்ணனையைக் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. சத்தத்தை நிறுத்திட்டு நீங்களே சொல்லுங்க."

கணவர் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கையை விரிச்சு ஆரம்பிச்சுட்டா... அடடா, அந்த முகத்தைப் பாக்கணுமே! சோகப் பாட்டுக்குக் கண்ணு அப்படியே கலங்குது!"

"அப்புறம்?"

"எம்பிக் குதிச்சா..." ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொண்டது. "பூ மாதிரி இறங்கிட்டா! இப்ப சிரிக்கிறா. கூட்டமே எழுந்து நின்னு கைதட்டுது!"

மூச்சு வாங்க அவர் முடித்தபோது கதவு திறந்தது. மனைவியின் கைபேசியில் அதே போட்டி, அதே கைதட்டல்.

"தொப்புன்னு விழுந்தாளே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? எழுந்து சிரிச்சதுக்குத்தானே இவ்வளவு கைதட்டு!"

அவர் அசடு வழிந்தார். "நீ பயந்துடுவேன்னுதான்... ஆமா, நீயே பாத்துட்டிருந்தா என்னை எதுக்குத் தொண்டை கிழியக் கத்த விட்டே?"

"போன தடவை வாயை மூடிட்டுப் பாத்தீங்க. விழுந்தவ தானா எழுந்துட்டா. சோபாவுல மயங்கி விழுந்த உங்களுக்குத்தான் நான் தண்ணி தெளிக்க வேண்டியதாப் போச்சு!"