செவலையின் தட்டு

ஒரு பங்களா வாசலில் செவலை என்றொரு நாய் ஏழு வருஷமாகக் காவல் இருந்தது. ஒருநாள் கேட்டுக்கு மேலே கேமரா ஒன்றை மாட்டினார்கள். பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் புது ரகக் கேமரா.

"அண்ணே, எனக்கு இங்க யாரையும் தெரியாது. கொஞ்சம் சொல்லிக் கொடுங்க," என்றது அது.

அண்ணே என்றதில் செவலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்தக்காரர் வந்தால் வாலை ஆட்டிக் காட்டியது. திருட்டு முழி முழிப்பவனைக் கண்டால் குரைத்துக் காட்டியது. யாருடைய செருப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்பதைக்கூட ஒளிக்கவில்லை.

"ரொம்பக் குழப்பிக்காதே தம்பி. இந்த வீட்டுல யாருக்குத் தட்டு இருக்கோ, அவங்க நம்ம ஆளு. தட்டு இல்லாதவன் உள்ளே வந்தா ஊரைக் கூட்டிடு."

"உங்க தட்டு எதுண்ணே?"

படியோரம் கிடந்த தன் நெளிந்த அலுமினியத் தட்டைச் செவலை பெருமையாகக் காட்டியது.

மூன்றே மாதத்தில் கேமரா தேறிவிட்டது. "இனிமே நாய்க்கு எதுக்குத் தண்டச்சோறு?" என்ற வீட்டுக்காரர், செவலையைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் நடந்து, ஒட்டிய வயிற்றோடு செவலை திரும்பி வந்தது. கேட் இடுக்கில் தலையை நுழைத்ததுதான் தாமதம், சைரன் அலறியது. வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார்.

"டேய் தம்பி, நான்தான்டா, செவலை!"

"தெரியுதுண்ணே," என்றது கேமரா, மரியாதை கொஞ்சமும் குறையாமல். "ஆனா உங்க தட்டைப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சுட்டாங்களே."