தொங்குவிளக்கின் உயரம்

கூடத்துக்கு வாங்கிய தொங்குவிளக்கை எந்த உயரத்தில் மாட்டுவது என்று எலக்ட்ரீஷியன் சகாயம் ஏணியில் நின்றபடி கேட்டார். "வீட்லயே உயரமான ஆள் யாரு? அவங்க தலை இடிக்காம இருந்தா போதும்."

மாசிலாமணி விளக்குக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றார். நிமிர்ந்ததில் பெரிய மாற்றம் ஒன்றும் ஏற்படவில்லை. "நான்தான்," என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க தம்பி," என்றாள் அவர் மனைவி கோமதி.

சகாயம் ஒரு சாண் ஏற்றினார். அவள் மறுபடியும் ஏற்றச் சொன்னாள். விளக்கு இப்போது மின்விசிறிக்கு வெளிச்சம் காட்டத் தொடங்கியிருந்தது.

"ஒட்டகச்சிவிங்கி எதுவும் குடிவருதா?" என்றார் மாசிலாமணி.

"நம்ம அருள் நல்ல உயரம்ல."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகன் இங்கே வரக் கூடாது, இங்கிருந்தும் யாரும் அங்கே போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னவர் மாசிலாமணிதான். சகாயம் இருவரையும் பார்க்காமல் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி அண்ணாந்து, கையை உயர்த்திப் பார்த்தார். விளக்கு எட்டவில்லை.

"சரி, அங்கயே மாட்டுங்க," என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணும் உயரந்தானோ என்னவோ," என்றார்.

"இல்லங்க, என் தோளுக்குத்தான் வருவா," என்று கோமதி தோளருகே கையை வைத்துக் காட்டினாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தக் கையை எப்படிக் கீழே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.